விபூதியில் ஒரு சொட்டு நீலம்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பின் சீட்டைத் தூக்கியதும் எலி நாற்றம் முகத்தில் அடித்தது. பஞ்சுக்குள் ஒரு கூடு, கூட்டுக்குள் காய்ந்துபோன நாலு குஞ்சுகள், சுற்றிலும் புழுக்கை. லூர்து வெறுங்கையால் அள்ளி வெளியே போட்டான். அதே கையை லுங்கியில் ஒரு துடை துடைத்துவிட்டு, ருக்மணி கொண்டுவந்த வடையை எடுத்துத் தின்றான். நான் கேட்டுக்குப் போய் வெளிக்காற்றில் நின்றுகொண்டேன்.

வண்டி 1959 ஃபியட். என் மாமனாருடையது. எனக்கும் ருக்மணிக்கும் கல்யாணமான அன்று மண்டபத்திலிருந்து எங்கள் இருவரையும் சிங்காநல்லூருக்குக் கொண்டுவந்து இறக்கியது. அப்போது அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். விபூதியில் ஒரு சொட்டு நீலம் விட்டுக் கலக்கின மாதிரி, வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. பிற்பாடு மச்சினன் அதன்மேல் பாசிப் பச்சையைப் பூசி நாசம் பண்ணி, ஷெட்டில் போட்டு எலிக்குக் கொடுத்துவிட்டான். இப்போது ஷெட்டை இடிக்கிறானாம், வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டான்.

பிப்ரவரி முதல் ஞாயிறு பழைய வண்டிச் சங்கத்தின் கண்காட்சி. அதில் இது பழைய நிறத்தில் நிற்க வேண்டும். வேலைக்கு மூன்று பேர். லூர்துசாமி பஸ் டிப்போ மெக்கானிக், ரிட்டையர் ஆனவன். தம்புராஜ் ஒண்டிப்புதூரில் வண்டிப் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறான், இன்றைக்கும் அதில்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது. மூவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. கழற்றி மாட்டுவது லூர்து, பெயிண்ட் அடிப்பது தம்பு. நிறம் என் பொறுப்பு. முப்பத்தாறு வருஷம் மில்லில் டையிங் மாஸ்டராகச் சாயத்தின் ஷேடு பார்த்தவன் நான். நான் தலையாட்டாமல் ஒரு கெஜம் துணி கேட்டைத் தாண்டியதில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இந்த டைரியை அச்சடித்தவன் மையில் மிச்சம் பிடித்திருக்கிறான். கோடே தெரியவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நாலு கதவும் இறங்கிவிட்டன. கழற்றிய போல்ட்டுகளை லூர்து கொட்டாங்குச்சிகளில் போட்டு வரிசையாக வைக்கிறான். நாளைக்கு நாய் ஒரு தட்டு தட்டினால் போதும், எது எங்கே போகும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. நான் எவர்சில்வர் டப்பாக்களில் லேபிள் ஒட்டி, எழுதி வைத்தேன்.

"மாஸ்டரு போல்ட்டுக்கெல்லாம் ஜாதகம் எழுதறாரு" என்றான் தம்புவிடம். இருவரும் சிரித்தார்கள். வெற்றிலைக் கறை படிந்த பற்கள். சிரிக்காமல் இருந்தால் நல்லது.

காலையில் காபி வாயில் வைக்க முடியவில்லை. பால் மஞ்சள். பால்காரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பாலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு. நாளையிலிருந்து வேறு ஆள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பெயிண்ட் உரிக்கிற மருந்தைத் தடவியதும் பச்சை சுருண்டு, கொப்புளமாகப் பொங்கி, சொறி பிடித்த தோல் மாதிரி வழிந்தது. சுரண்டிச் சுரண்டிப் போட்டோம். கை, மூக்கு, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றிலும் அந்த நாற்றம். பச்சைக்கு அடியில் பள்ளம் நிரப்பின பட்டி, பட்டிக்கு அடியில் துரு. மச்சினனின் குணம் மாதிரியே மேலே பளபளப்பு.

பத்து மணிக்குத் தம்பு உள்ளேயிருந்து கூப்பிட்டான். முன் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியிருந்தான். அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயிண்ட்.

"நாச்சி, இங்க பார்றா. இதான் ஒரிஜினலு. இந்த எடத்துல வெயிலே படுல. இத வெச்சே மிக்ஸ் பண்ணிரலாம்."

பார்த்தேன். சீழ் நிறம். பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பழுத்துக் கிடந்தது.

"இது மஞ்சளாப் போயிருக்குது தம்பு. அறுபது வருசத்துப் பெயிண்ட்டு பின்ன எப்படி இருக்கும்?"

"மஞ்சளா? எங்கடா மஞ்சளு? சுத்தமா இருக்குதே."

"எனக்குக் கலர் சொல்லித் தர்றயா?"

அவன் லூர்துவைப் பார்த்தான். லூர்து ஸ்பேனரைப் பார்த்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நிறம் என் ஞாபகத்தில் இருக்கிறது, அதை வைத்துக் கலப்போம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ருக்மணிக்குத் துணி துவைப்பதில் முன்பு இருந்த கவனம் இல்லை. வேட்டியெல்லாம் அழுக்கேறிப் பழுப்பாக இருக்கிறது. கூடக் கொஞ்சம் சொட்டு நீலம் விடு என்று ஒரு மாதமாகச் சொல்கிறேன். இன்றைக்குக் கொடியிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"ஏனுங், இதுக்கு மேல நீலம் விட முடியாதுங்க. பக்கத்து வீட்டுக்காரம்மா உங்க வீட்டய்யா எந்தக் கட்சின்னு கேட்டுட்டாங்க."

"அழுக்குப் போகுல. நீலம் குறைவு."

"அழுக்கு வேட்டியில இல்லீங்க. ஒருக்கா கண்ணு டாக்டருகிட்டப் போயிட்டு வரலாமுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானே பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் வாளியில் கவிழ்த்தேன். துணியை நானே பிழிந்து போட்டேன். ஓரளவு பரவாயில்லை. தட்டில் வைத்த தேங்காய்ச் சட்னியும் மஞ்சள். பழைய தேங்காய். தொடவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

லூர்துவுக்கு வாய் நீளம். டீ குடிக்கும்போது, யாருக்கோ சொல்கிறவன் மாதிரி, "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க" என்றான். தம்பு அவன் தொடையைத் தட்டினான். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, புதன்

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். காமாலை இல்லை. எல்லாம் நார்மல். அந்தத் தாளை போல்ட் டப்பாக்களுக்கு நடுவில், லூர்து வந்தால் அவன் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். படித்தான். தலையைச் சொறிந்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பட்டி பூசுதல், தேய்த்தல், பூசுதல், தேய்த்தல். தண்ணீர் தொட்டு எமரித் தாளால் தேய்த்தால் சாம்பல் நிறக் குழம்பு ஒழுகித் தரையெல்லாம் சகதி. அதில் செருப்பில்லாமல் நடந்துவிட்டு வீட்டுக்குள் வருகிறார்கள். கூடத்தில் கால் தடம். குளியலறையில் கால் தடம். துடைத்துத் துடைத்து எனக்கு இடுப்பு விட்டுப்போனது. ருக்மணி, விடுங்க நான் துடைக்கிறேன் என்கிறாள். அவள் துடைத்தால் அழுக்கு அப்படியே இருக்கிறது.

தம்பு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பானெட்டைத் தடவி மேடு பள்ளம் பார்க்கிறான். இங்கே ஒரு மயிரிழை, அங்கே ஒரு மயிரிழை என்கிறான். நானும் தடவினேன். அவன் சொன்ன இடத்தில் இருந்தது. அவனுக்குக் கை உண்டு, அதை மறுக்கவில்லை. கண்தான் கிடையாது.

அக்டோபர் 23, புதன்

வண்டி நிற்கிற போர்ட்டிகோவில் பல்பு மங்கலாக எரிகிறது. நாற்பது வாட்டை மாற்றி நூறு போட்டேன். அதுவும் மங்கல். வோல்டேஜ் சரியில்லை என்று மின்வாரியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. சாயந்திரம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இனிப்பு கொடுக்கப் போனேன். எதிரே வருகிற வண்டிகளின் லைட்டைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி. ஊரில் ஒருத்தன் பாக்கியில்லாமல் என்ன கண்றாவி லைட்டை வாங்கி மாட்டியிருக்கிறானோ. பாதி வழியில் ஸ்கூட்டரை ஓரம் கட்டித் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். ருக்மணியிடம் பஞ்சர் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மழை விட்டுவிட்டு வருகிறது. போர்ட்டிகோவைச் சுற்றி ருக்மணியின் பழைய சேலைகளைக் கட்டி மறைத்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, பிரைமர் அடித்தோம். தம்பு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பெயிண்ட் துப்பாக்கியைப் பிடித்தால் வேறு ஆள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பும்வரை மூச்சு விடுவதில்லை. லூர்து வெளியே உட்கார்ந்து தும்மினான். மூக்கைச் சிந்தி என் துளசிச் செடியின் மேல் போட்டான். இவனோடு ஐம்பத்தைந்து வருஷம் எப்படிப் பழகினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கலவை. காலை முழுவதும் சண்டை. கதவின் உள்பக்கத்தில் பழைய பெயிண்ட் இருந்த இடத்தைத் தம்பு சின்னத் துண்டாக வெட்டி எடுத்திருக்கிறான். அந்தக் கதவுத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலக்குகிறான், அதைத் தூக்கி ஓரமாகப் போட்டேன். தகரத்துண்டில் அடித்துக் காட்டினான். பழுப்பு. நீலம் விடு என்றேன். விட்டான். சாம்பல். இன்னும் விடு என்றேன்.

"நாச்சி, போதும்டா. இது இப்பவே விபூதியத் தாண்டிப் போயிருச்சு."

"நீ அடி. காயட்டும். காஞ்சாத் தெரியும்."

முதல் கோட் பெயிண்ட் அடித்தாயிற்று.

நவம்பர் 18, திங்கள்

காய்ந்த பிறகு பார்த்தேன். கஞ்சித் தண்ணீர். கையைக் கழுவின தண்ணீர். 

டிசம்பர் 1, ஞாயிறு

இரண்டாவது கோட். நீலம் இரண்டு மடங்கு. தம்பு துப்பாக்கியில் ஊற்றுவதற்கு முன்னால் லூர்துவையும் ருக்மணியையும் வரச் சொன்னான்.

"தங்கச்சி, லூர்து, நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. நான் வேண்டாம்னு மூணு தடவ சொல்லிட்டேன். இது என்ற தொழிலு. நாளைக்கு இந்த வண்டியப் பாத்துட்டு யார்றா பெயிண்டருன்னுதான் கேப்பாங்க. நாச்சின்னு கேக்க மாட்டாங்க."

"கேட்டா என்னயச் சொல்லு" என்றேன்.

"நீ சொல்லுவயா?"

"சொல்றேன். அடி."

அடித்தான். ருக்மணி உள்ளே போய்விட்டாள். லூர்துவைக் கேட்டேன், எப்படி இருக்குது என்று. "மாஸ்டரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. மில்லில் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். அங்கே என் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது கோட் நேற்று அடித்தான். டின்னில் நீலத்தை நானே என் கையால் ஊற்றினேன், அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இன்றைக்குக் காலை வெயிலில் சேலையை விலக்கிப் பார்க்கிறேன், அதே மங்கல். நான் ஊற்றின நீலம் எங்கே போனது? ஒரு டின் நீலம் ஊற்றியும் நீலம் வரவில்லை என்றால் ஒரே காரணம்தான். நல்ல டின் அவன் பட்டறைக்குப் போயிருக்கிறது. மட்டமான சரக்கு என் வண்டியில் ஏறியிருக்கிறது. அவன் பட்டறையில் சங்கச் செயலாளர் ஜெகன்னாதனின் ஆஸ்டின் வண்டி நீலப் பெயிண்ட் வேலைக்கு நிற்கப்போகிறது என்று அவனே சொல்லியிருக்கிறான்.

ஒன்பது மணிக்கு மூவரும் இருக்கும்போது கேட்டேன். நேராகத்தான் கேட்டேன்.

"நல்ல பெயிண்ட்ட எங்கடா கொண்டுபோன?"

அவனுக்குப் புரியவில்லை என்று நடித்தான். பிறகு புரிந்தது. "என்ன சொல்ற?" என்றான்.

"திருடியிருக்கறன்னு சொல்றேன்."

லூர்து, "மாஸ்டரே, விடுங்க" என்றான். ருக்மணி வாசற்படியில் நின்றபடியே வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பு கத்தவில்லை. தின்னரை ஊற்றித் துப்பாக்கியைக் கழுவினான். ஊசியைக் கழற்றித் துடைத்தான். துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். கால் மணி நேரம் ஆனது.  கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போனான்.

குற்றம் இல்லாதவன் சண்டை போட்டிருப்பான்.

டிசம்பர் 15, ஞாயிறு

சங்கக் கூட்டம். ஜெகன்னாதன், "உங்க ஃபியட்டு எந்த மட்டுல இருக்குதுங்க?" என்று கேட்டார். நான் சொல்லாமல் விட்டால் அவருடைய ஆஸ்டினும் அதே கதியாகும். ஆகவே தம்புராஜுக்குக் கை சுத்தமில்லை என்று இருபது பேர் முன்னால் சொல்லிவிட்டேன். ஒரு கடமை முடிந்தது. ஜெகன்னாதன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டில் சொன்னபோது ருக்மணி தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

லூர்து வருகிறான், மாட்டுகிறான், போகிறான். பேச்சு இல்லை, வடை வேண்டாம் என்கிறான். கதவுகள் ஏறிவிட்டன. கண்ணாடிக்கு ரப்பர் போட்டாயிற்று. டப்பாக்களின் லேபிளில் எழுதின மை வெளுத்துவிட்டது, ஒன்றையும் படிக்க முடியவில்லை. லூர்து போல்ட்டை விரலால் தடவியே இது இந்தக் கதவு, இது பானெட்டு என்று எடுக்கிறான். நான் மாட்டின இரண்டு போல்ட் கோணலாக ஏறி மரை தின்றுவிட்டது. போல்ட் மட்டம். இந்தக் காலத்தில் எதுவுமே மட்டம்.

டிசம்பர் 30, திங்கள்

கண்காட்சிக்கு லைசென்ஸ் நகல் கேட்கிறார்கள். என்னுடையது செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம்.

ஜனவரி 2, வியாழன்

டாக்டர் ஒரு பட்டையை எடுத்து என் ஒரு கண்ணை மூடினார். சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொன்னார். பலகையே அழுக்காக இருக்கிறது, எப்படிப் படிப்பது என்றேன். அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் பொரைங்க. நல்லா முத்திப் பழுப்பாயிருச்சு. மூணு வருசமாச்சும் இருந்திருக்கும். பாக்கறதெல்லாம் மஞ்சளா, அழுக்காத் தெரிஞ்சிருக்குமே?"

"இல்லீங்க" என்றேன்.

ருக்மணி என்னைப் பார்த்தது எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை. அடுத்த புதன்கிழமை இடது கண்ணுக்கு ஆபரேஷன்.

ஜனவரி 9, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். வேட்டி நீலம்.

ஜனவரி 10, வெள்ளி

மெல்லவே எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளை. நர்ஸின் உடை வெள்ளை. இவ்வளவு வெள்ளை உலகத்தில் இருப்பதை எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ருக்மணி பால் காய்ச்சிக் கொடுத்தாள். டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறிப்போனது. கொடியில் என் வேட்டிகள், பனியன்கள், கைக்குட்டைகள் எல்லாம் மைப்புட்டி கொட்டின மாதிரி. இதைக் கட்டிக்கொண்டுதான் ஐந்து மாதம் ரேஷன் கடை, கோயில், சங்கக் கூட்டம் எல்லாம் போய் வந்திருக்கிறேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அல்லது சிரித்ததை நான் பார்க்கவில்லை.

போர்ட்டிகோவுக்குப் போனேன். ருக்மணி, நாளைக்குப் பார்த்துக்கலாமுங்க என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனேன்.

குழாயடியில் தண்ணீர் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் டிரம் இருக்கிறதே, அந்த நீலம். என் மாமனாரின் வண்டி. கண்ணைக் குத்துகிறது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன், அதே கஞ்சித் தண்ணீர் நிறம். வலதை மூடினால் டிரம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். பிறகு செடிப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஜனவரி 11, சனி

அந்தக் கதவுத் துண்டைத் தேடி எடுத்தேன். விபூதி. ஒரு சொட்டு நீலம்.

ஜனவரி 15, புதன்

நேற்று பொங்கல். யோசித்துப் பார்த்தால் இது யாருக்கும் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. கண்காட்சிக்கு இந்த வருஷம் வரவில்லை என்று சொல்லிவிடலாம். இரண்டாவது கண்ணும் ஆனபிறகு வேறு பெயிண்டரை வைத்து உரித்து அடித்துக்கொள்ளலாம். நிறம் பிடிக்கவில்லை, மாற்றினோம், அவ்வளவுதான்.

ருக்மணியிடம் சொன்னேன்.

"தம்பண்ணனுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

"பார்க்கலாம்."

"பார்க்கலாமுன்னா? இப்பத்தான் கண்ணுத் தெரியுதுல்ல, பாருங்க."

நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசினதில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெகன்னாதன் போன் பண்ணினார். கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, "அந்தப் பெயிண்டர் விஷயம் நீங்க சொன்னது நெம்ப நல்லதாப் போச்சுங்க. நான் வண்டியத் தரலீங்க. இன்னும் ரெண்டு பேரு விட்டிருந்த வண்டியத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டாங்க" என்றார்.

நான், அப்படி இல்லீங்க, எனக்குக் கண்ணில் புரை இருந்தது, நிறம் என்னுடைய தப்பு என்று சொன்னேன்.

சிரித்தார். "அட, விடுங்க சார். பெயிண்டருதானே. இல்லாட்டியும் எங்கயாச்சும் கை வெச்சிருப்பான்."

போனை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்த ஆளின் குரல் காதில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டியிருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார், எங்கயாச்சும் கை வைத்திருப்பான் என்று. என்ன மனுஷன்.

ஜனவரி 22, புதன்

ஒண்டிப்புதூர் போனேன். பட்டறைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். உள்ளே கார் ஒன்றுகூட இல்லை. தம்பு இரும்புப் பீரோ ஒன்றுக்குச் சாம்பல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இன்னும் நாலு பீரோ வரிசையில் நின்றன. பீரோவுக்கும் அதே மாதிரிதான், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பும்வரை மூச்சு விடவில்லை.

இரண்டு டீ குடித்தேன். அவன் வேலையில் இருந்தான், பேச வசதிப்படவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கண்காட்சிக்குப் போவது என்று முடிவு பண்ணிவிட்டேன். டிரம் நீலத்திலேயே. லூர்து ஓட்டுவான். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு அட்டை வைக்க வேண்டும். வண்டியின் பெயர், வருஷம், உரிமையாளர், வேலை செய்தவர்கள். என் அட்டையை நானே எழுதினேன், கோடு போட்டு, பெரிய எழுத்தில்:

நிறம்: உரிமையாளர் நாச்சிமுத்துவின் தேர்வு. கண்ணில் புரை இருந்ததால் வந்த பிழை. பெயிண்டர் தம்புராஜ் வேண்டாம் என்று தடுத்தும் நான் கேட்கவில்லை.

டிசம்பரில் அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாயிற்று. லூர்துவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவனையும் வரச் சொல்றேன்" என்றான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வடை தின்றான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

மைதானத்தில் முப்பது வண்டிகள். கறுப்பு, கருஞ்சிவப்பு, சந்தன வெள்ளை என்று பெரிய மனுஷர்கள் மாதிரி நின்ற வரிசையில் எங்கள் டிரம். பார்த்தவர்கள் முதலில் திடுக்கிட்டார்கள், பிறகு அட்டையைப் படித்தார்கள், பிறகு சிரித்துக்கொண்டே எனக்குக் கை கொடுத்தார்கள். "நெம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார் ஒருவர். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதத்தான் வேண்டும், பிடித்திருந்தது.

பதினொரு மணிக்குத் தம்பு வந்தான். பஸ்ஸில் வந்திருக்கிறான். என்னிடம் வராமல் நேராக வண்டியிடம் போனான். கண்ணை மூடிக்கொண்டு பானெட்டைத் தடவினான். குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான். "வேலை சுத்தமாத்தான் வந்துருக்குது" என்றான், லூர்துவிடம். பிறகு அட்டையைப் படித்தான். மெதுவாக, கடைசி வரை படித்தான்.

"தம்பு" என்றேன்.

"கலருக்குப் போர்டு வெச்சிருக்கற. கண்ணுல பொரை, கலரு தெரியுல, சரி. அது யாருக்கு வேணாலும் வரும்." அட்டையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். "என்னயத் திருடன்னு சொன்னயே நாச்சி. அதெந்தக் கண்ணுல பார்த்துச் சொன்ன?"

 லூர்து நகர்ந்து நின்றுகொண்டான். பக்கத்து வண்டிக்காரர் தன் சக்கரத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். பெரிய மனசு என்று சொன்னவர் இன்னும் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அட்டையில் எழுதும்போது திருடன் என்ற அந்த வார்த்தை என் கையில் வந்தது, நான்தான் எழுதாமல் விட்டேன். இதையும் இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு உரிமையாளரும் மைக்கில் இரண்டு நிமிஷம் தன் வண்டியைப் பற்றிப் பேசுவது சங்கத்து வழக்கம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். மாமனார், கல்யாணம், எலி, புரை என்று வேடிக்கையாகப் பேச ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். மேடையில் ஏறியபோது ஒன்றும் நினைவில் இல்லை. முன் வரிசையில் ஜெகன்னாதன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, டிசம்பரில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"என்ற பேரு நாச்சிமுத்துங்க. அந்த நீல வண்டி என்னுதுங்க. பெயிண்ட் அடிச்சது தம்புராஜு, ஒண்டிப்புதூரு. போன டிசம்பர் கூட்டத்துல நான் அவனுக்குக் கை சுத்தமில்லைன்னு சொன்னனுங்க. அதுக்கு முன்னால என்ற வீட்டுல வெச்சு அவன் மூஞ்சிக்கு நேரா திருடன்னு சொன்னனுங்க. அவன் ஒரு சொட்டுக்கூட எடுக்குலீங்க. நான் சொன்னதக் கேட்டு அவனுக்கு வேலை போயிருச்சு. இப்ப பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கறான்."

மைக் இரைந்தது. ஜெகன்னாதன் கையைக் காட்டிப் போதும் என்றார்.

"கண்ணு தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லலாம்னுதான் வந்தனுங்க. கண்ணு தெரியாதது நிஜந்தான். ஆனா கண்ணு கலரத்தாங்க தப்பாக் காட்டுச்சு. திருடன்னு சொன்னது கண்ணு இல்லீங்க. நானு."

யாரும் கை தட்டவில்லை. இறங்கி வந்தேன். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள். வண்டியிடம் வந்து தம்புவைத் தேடினேன். லூர்து மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க அவன்?"

"பன்னெண்டரை பஸ்ஸுக்குப் போறேன்னு போயிட்டான்."

"நான் பேசுனதக் கேட்டானா?"

"முழுசாக் கேட்டுட்டுத்தான் போனான்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லுல" என்றான் லூர்து.